வாலைப் பார்த்து வழிகாட்டிய குருவி

அன்று வன்னி மரத்தடியில் இருந்தவர்கள்: வானம்பாடிகள் ஐந்து, மணலைக் கிளறி இரை தேடும் கருவால் குருவி ஒன்று, அதன் வாலுக்கு ஒரு முழம் பின்னால் பாலைக் கதிர்க்குருவி ஒன்று. மொத்தம் ஏழு.

பாலைவனம் சூடேறிவிட்டது. இரண்டு நாளில் வடக்கே கிளம்பாவிட்டால் சாவுதான். ஆனால் வானம்பாடிகள் போன வருஷம் பிறந்தவை, தனியாகப் போக வழி தெரியாது. பெரிய கூட்டத்தோடு வந்தவை, மணற்புயலில் பிரிந்துவிட்டன. மூத்தது அக்கா, மற்ற நால்வரும் தம்பிகள். அவர்களை ஊர் சேர்க்க வேண்டுமே என்று அக்கா தவித்தது.

முதலில் கருவாலிடம் கேட்டது. விடியலில் கிளம்புவதாகவும், வருகிறவர்கள் வரலாம் என்றும் கருவால் சொன்னது. அதற்குமேல் பேசாமல் இரை தேடப் போய்விட்டது.

கதிர்க்குருவிக்கோ வாய் மூடவில்லை. குளிர்காலம் முழுக்கக் கருவால் கிளப்பிவிட்ட பூச்சிகளைப் பொறுக்கித் தின்ற கதையை அது வேறு மாதிரி சொன்னது. கருவால் தன் வேலையாளாம். தான் பின்னால் நின்று மேற்பார்வை பார்க்கிறதாம். இந்தப் பாலையை ஐந்து முறை கடந்திருக்கிறதாம்.

அக்கா மயங்கிவிட்டது. "அப்படியானால் நீங்களே எங்களைக் கூட்டிப் போங்கள், அண்ணே."

"போகலாம். ஆனால் ஒருத்தரும் என்னை முந்தக் கூடாது."

விடியலில் கருவால் போய்விட்டது. தலைவராகிவிட்ட கதிர்க்குருவியோ இறகு கோதி முடித்து, வெயில் ஏறியபின் புறப்பட்டார். முன்னால் வெறும் வானம். எதிரே ஒரு வால் இல்லாமல் அவர் பறந்ததே இல்லை. அங்கும் இங்கும் தேடினார். தூரத்தில் ஒரு கறுப்பு வால் தெரிந்தது. நிம்மதியாக அதன் பின்னே போனார்.

அது கீச்சானின் வால். குருவிகளைப் பிடித்து முள்ளில் குத்தி வைத்துத் தின்கிற பறவை அது. கீச்சான் ஒரு முள்மரத்தில் இறங்கியது. ஒரு முழம் தள்ளித் தலைவரும், அவர் பின்னே வரிசையாக ஐவரும் இறங்கினார்கள்.

"என்ன வேண்டும்?" என்றது கீச்சான்.

"நீங்கள் கிளறுங்கள் ஐயா, நாங்கள் பொறுக்கிக்கொள்கிறோம்," என்றார் தலைவர்.

"கிளறுவானேன்? எல்லாம் தானாகவே வந்திருக்கிறதே," என்று கீச்சான் பாய்ந்தது.

தலைவர் சட்டென்று புதருக்குள் புகுந்துகொண்டார். அகப்பட்டது கடைசித் தம்பி.

மற்றவர்கள் தப்பி அடுத்த மேட்டில் கூடினார்கள். தலைவர் தூசியைத் தட்டிக்கொண்டு வந்து, நீண்ட பயணத்தில் இதெல்லாம் சகஜம், மேலே போகலாம் என்றார்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வடக்கேயிருந்து வரும்போது காலை வெயில் இடது இறக்கையில் பட்டது. அப்படியென்றால் போகும்போது வலது இறக்கையில் பட வேண்டும். முந்தின நாளே இதை யோசித்திருக்கலாம். மறுநாள் விடிந்ததும் தம்பிகளை அழைத்துக்கொண்டு கிளம்பியது.

பிறர் உழைப்பில் தின்றவன் பேச்சை நம்பி அவனைத் தலைவனாக்கினால், அதற்கான விலையை நம் வீட்டார்தான் கொடுக்க வேண்டும்; ஐந்து வானம்பாடிகளில் ஊர் போய்ச் சேர்ந்தவை நான்கு.