மானின் குதிகாலும் கரடி மாஸ்டரும்

ஒரு குளக்கரையில் பூதலிங்கம் என்ற கரடி நடைப் பள்ளி ஆரம்பித்தது. "நிற்பது ஒரு பாடம், ஓடுவது ஒரு பாடம், நீந்துவது ஒரு பாடம், அடிபட்ட காலைச் சரிசெய்வது இன்னொரு பாடம். எல்லாத்துக்கும் நான்தான் மாஸ்டர்!" என்று அறிவித்தது. இதையெல்லாம் அது எங்கே படித்தது என்று ஒரு பிராணிகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

கரடி பாதம் முழுவதையும் தரையில் பதித்து நடக்கும். உலகமே அப்படித்தான் நடக்க வேண்டும் என்று அதற்கு நினைப்பு. ஒற்றைக்காலில் தூங்கிய கொக்கை, "ஒழுங்கா ரெண்டு காலையும் ஊன்றி நில்லு!" என்று அதட்டியது. தவளையை நடக்கச் சொன்னது. தவளை குளத்துக்குள் குதித்துத் தப்பித்தது. புத்திசாலி!

மாட்டிக்கொண்டது துள்ளி என்ற மான்குட்டி.

"அடடா! உனக்கு முட்டி பின்பக்கமா மடங்குதே! பிறவிக் கோளாறு!" என்றது கரடி.

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான் மாஸ்டர்."

"அப்போ குடும்பக் கோளாறு!"

கரடி மான்குட்டியின் பின்னங்கால்களை நேராக இழுத்தது. மூங்கில் பத்தைகளை வைத்துக் கொடியால் இறுக்கிக் கட்டியது. குட்டி அழுதது.

"வலிச்சாத்தான் குணமாகும்!" என்றது கரடி.

மேய்ந்துவிட்டு வந்த தாய்மான் மரகதம் இதைப் பார்த்தது.

"யாரைக் கேட்டு இதைக் கட்டினே?"

"முட்டி கோணல்மா. நேராக்கறேன்."

"அது முட்டியா? கண்ணை எங்கே வச்சிருக்கே? அது குதிகால்! முட்டி மேலே, வயிற்றை ஒட்டி இருக்கு. அது முன்பக்கம்தான் மடங்குது, தொட்டுப் பாரு! நாங்க குதிகாலைத் தூக்கி விரல் நுனியில நிக்கிறவங்க. அதனாலதான் காலும் நீளம், தாவுற தூரமும் நீளம். குதிகாலுக்குப் பின்னால ஒரு நாண் இருக்கு. ஊன்றும்போது இழுபடும், எழும்பும்போது வில்லு மாதிரி உந்தித் தள்ளும். அதைப் போய்க் கட்டிட்டியே! என் பிள்ளை எதை வச்சு ஓடும்?"

"புல்லு தின்கிற உனக்கு என்னம்மா தெரியும்..."

மரத்திலிருந்து குரங்கு அலறியது. "செந்நாய்! செந்நாய்!"

முதலில் மரமேறியவர் மாஸ்டர்தான்.

துள்ளி ஓடப் பார்த்து முகங்குப்புற விழுந்தது. எழுந்தது. மறுபடி விழுந்தது. மரகதம் கொடியைப் பல்லால் கடித்து இழுத்தது. ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. ஒரு கால் விடுபட்டது. செந்நாய்களின் சீட்டிச் சத்தம் புதருக்குப் பின்னாலேயே கேட்டது. இன்னொரு இழுப்பு! அடுத்த கட்டும் அறுந்தது.

"ஓடுடா!" என்று மரகதம் குட்டியைப் பின்னாலிருந்து முட்டித் தள்ளியது. மரத்துப்போன கால்கள் முதலில் தடுமாறின. பிறகு ஒரு தாவல்! முள்வேலிபோல் நின்ற புதரைத் தாண்டிக் குட்டி பறந்தது. தாயும் பின்னாலேயே தாவியது. செந்நாய்கள் வெறும் வாயோடு திரும்பின.

குட்டியை மந்தையில் சேர்த்துவிட்டு, மூச்சிரைக்க மரகதம் குளக்கரைக்குத் திரும்பி வந்தது. அங்கே கரடி மரத்திலிருந்து இறங்கி, கூட்டம் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா, கட்டுப் போட்ட காலு எப்படிப் பறந்துச்சு! எல்லாம் நம்ம வைத்தியம்!"

மரகதம் திரும்பி நின்று, பின்னங்கால் இரண்டாலும் கரடியின் மூக்கில் ஒரு உதை விட்டது. கரடி சேற்றில் உருண்டது.

"நீ கோணல்னு சொன்ன காலு இதுதான்! இனி எவன் குட்டியையாவது தொட்டே, அடுத்த உதை பல்லுக்கு!"

அன்றே பள்ளி மூடப்பட்டது.

அடுத்தவர் உடம்பு எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ளாமல், தன் உடம்பை அளவுகோலாக வைத்துத் திருத்தக் கிளம்புகிறவர்களைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள்.