பஞ்சுவின் காது ஏன் சிவந்தது?

அல்லிக்குளத்தங்கரையில் தும்பை என்று ஒரு முயல் இருந்தாள். வாயைத் திறந்தால் கேள்விதான். மழை ஏன் சாய்ந்து பெய்கிறது, ஆமை ஏன் ஓயாமல் கொட்டாவி விடுகிறது என்று கேட்டே எல்லோர் உயிரையும் வாங்குவாள். "தும்பை வர்றா, ஓடுங்க!" என்று நரி குரல் கொடுத்தால் பாதிக் காடு புதருக்குள் போய்விடும்.

அவளுக்கு ஒரே மகன். பெயர் பஞ்சு. அந்தக் காட்டில் மத்தியானச் சாப்பாடு எல்லோருக்கும் பொது. கரடி அண்ணன் சமைப்பார், குளத்தோரம் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

ஒரு நாள் பஞ்சு அரைச் சப்பாத்தி தின்றான். கை கழுவுவதற்குள் அவனுடைய இரண்டு காதும் சிவந்து தடித்துவிட்டன. அப்புறம் வாந்தி. அப்புறம் மூச்சு வீச்சு வீச்சென்று இழுத்தது. தும்பை அவனைத் தூக்கிக்கொண்டு மரங்கொத்தி வைத்தியரிடம் ஓடினாள்.

மரங்கொத்தி மருந்து கொடுத்து மூச்சைச் சீராக்கினாள். பிறகு கேட்க ஆரம்பித்தாள். "என்ன தின்னான்? எவ்வளவு நேரத்துல சிவந்தது? இதுக்கு முன்னாடி இப்படி ஆச்சா?" தன்னைவிட அதிகமாகக் கேள்வி கேட்கிற ஒருத்தியைத் தும்பை அன்றுதான் பார்த்தாள்.

எல்லாம் கேட்டுச் சோதித்த பிறகு மரங்கொத்தி சொன்னாள்: "கோதுமை இவனுக்கு ஒத்துக்கலை. அதை எதிரின்னு நினைச்சு உடம்பு சண்டை போடுது. துளிகூடக் கொடுக்காதே. வளர வளரச் சரியாகலாம். ஆனா சரியாச்சான்னு நான்தான் பார்க்கணும். நீங்களா கொடுத்துப் பார்க்கக் கூடாது!"

மருந்து தோய்த்த முள்ளம்பன்றி முள் ஒரு கட்டும் கொடுத்தாள். "எப்பவும் கையோட வெச்சுக்கோ. மூச்சு இழுத்தா யோசிக்காதே. தொடையில ஒண்ணு குத்திட்டு இங்கே தூக்கிட்டு வா!"

கரடி அண்ணன் நல்லவர். "அவ்வளவுதானே! இனிமே பஞ்சுவுக்குச் சப்பாத்தி கிடையாது" என்று சொல்லி, மறுநாள் ஆசையாக ரவை உப்புமா போட்டார். ஒரு வாய்தான். காது சிவந்தது!

"அண்ணே, ரவை எதுல இருந்து வருது?" என்று கேட்டாள் தும்பை.

"கடையில இருந்து!" என்றார் கரடி.

தும்பை விடவில்லை. காடெல்லாம் கேட்டுத் திரிந்தாள். ரவை கோதுமையை உடைத்தது. மைதாவும் கோதுமைதான். அவர்கள் காட்டுச் சேமியாவும் அதேதான். அன்றிலிருந்து பஞ்சுவுக்கு வெறும் சோறும் ரசமும். ஒரு மாதம் காது பழைய வெளிர்நிறத்திலேயே இருந்தது. தும்பைக்கு உயிர் வந்தது.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம். அதே சோறு, அதே ரசம். பஞ்சு நாலு வாய் தின்றான். காது சிவந்தது, மூச்சு இழுத்தது! தும்பை முள்ளைத் தொடையில் குத்திவிட்டு வைத்தியரிடம் ஓடினாள். பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

திரும்பி வந்தபோது நரி காத்திருந்தான். "சோத்துலயும் ரசத்துலயும் கோதுமை எங்கே இருக்கு? அந்த வைத்தியர் ஏதோ சொன்னா, நீயும் நம்பிட்டே! செல்லம் கொடுத்துக் கெடுத்து வெச்சிருக்கே. நாளைக்கு விருந்துல பூரி போடுறாங்க. எல்லார் முன்னாடியும் ஒரு விள்ளல் கொடு. பழகிடும்!"

கூடியிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். தும்பைக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீணாகப் பிள்ளையின் வாயைக் கட்டினேனோ? ஆனால் அந்த வீச்சு வீச்சுச் சத்தம் அவள் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அதை இன்னொரு தடவை கேட்க அவளால் முடியாது.

மறுநாள் விடிந்ததும் சமையல்கட்டில் போய் நின்றாள். "அண்ணே, நேத்து ரசத்துல என்னென்ன போட்டீங்க?"

கரடிக்கு முகம் சுருங்கியது. "என் கைப்பக்குவத்தையே சந்தேகப்படுறியா?"

"உங்க கையை இல்லண்ணே. பாத்திரத்தைத்தான் கேக்குறேன்."

கரடி முறைத்துக்கொண்டே சொன்னார். "புளி, தக்காளி, மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை, உப்பு, பெருங்காயம். என்னைக்கும் போடுறதுதான்!"

"இதுல எது புதுசு?"

கரடி யோசித்தார். "பெருங்காயம். முன்னே சுத்தமான பிசினா இருந்துச்சு. அது தீர்ந்துபோச்சு. இது காக்கா டவுன்ல இருந்து கொண்டாந்த டப்பா."

தும்பை நாவல் மரத்தடிக்கு ஓடி, காகம் டவுனிலிருந்து திரும்பும்வரை காத்திருந்தாள். "காக்கா அக்கா! பெருங்காய டப்பாவை எங்கே எடுத்தே?"

"அதைச் செய்யுற பட்டறையில. தினம் அந்த வாசல்லதான் எனக்குக் காலைச் சாப்பாடு."

"பட்டறை வாசல்ல என்ன சாப்பாடு?"

"மைதா! மூட்டை மூட்டையா உள்ளே போகும். பிசினோட மைதாவைக் கலந்துதானே கட்டியா உருட்டுறாங்க. வழியில சிந்துறதை நான் பொறுக்குவேன்."

"ஏன் அக்கா இத்தனை நாளாச் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே!" என்றாள் காக்கா.

தும்பை திரும்பி ஓடிவந்தபோது விருந்து தொடங்கிவிட்டது. நரி ஒரு விள்ளல் பூரியைப் பஞ்சுவின் வாயருகே நீட்டிக்கொண்டிருந்தான். "ஆ காட்டு கண்ணு! ஒண்ணும் ஆகாது!"

பஞ்சு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். "இது எதுல செஞ்சது?" என்று விரலிடுக்கு வழியாகக் கேட்டான். சாட்சாத் அவன் அம்மாவின் குரல்தான்! நரி பதில் தேடுவதற்குள் தும்பை பாய்ந்து பூரியைத் தட்டிவிட்டாள்.

"ரசத்துல கோதுமை இருந்துச்சு! பெருங்காயத்துக்குள்ளே மைதாவா ஒளிஞ்சிருந்துச்சு! துளி பெருங்காயம் பட்டதுக்கே மூச்சு நின்னுபோகப் பார்த்துச்சே, ஒரு விள்ளல் பூரி தின்னிருந்தா?"

நரி விழுந்த பூரியையும் பஞ்சுவையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் நல்லதுன்னு நினைச்சுத்தான்..." என்றான்.

கரடி அடுப்படிக்குப் போனார். பெருங்காய டப்பாவை மூடி ஒதுக்கி வைத்தார். தன் கைகளைத் தேய்த்துக் கழுவினார். புதுப் பானையும் புதுக் கரண்டியும் எடுத்து, பெருங்காயம் போடாமல் ரசம் வைத்தார். அதைப் பஞ்சுவுக்கு ஊற்றும்போது அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"மாமா, இதுல என்னென்ன போட்டீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. கரடி அவன் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, புளியில் தொடங்கி உப்பு வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். பஞ்சு கேட்டு முடித்துவிட்டுத்தான் முதல் வாய் தின்றான். தும்பை அவன் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு முடியும்வரை அது வெளிர்நிறமாகவே இருந்தது.

ஒரு குழந்தைக்கு ஒரு உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதைச் செல்லம் என்று ஒதுக்காமல், குழந்தையின் தட்டில் விழுவது ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.