நரி நடந்த மேடை

விலங்குகளும் மனிதர்களும் ஒரே மொழியில் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஜப்பானின் வடக்கு மலைகளில் கன்பே என்பவன் ஒரு நாடகக் குழுவை நடத்திவந்தான். முகமூடி அணிந்து ஆடும் ‘நோ’ நாடகம் அவர்களுடையது. அப்போதெல்லாம் நோ நடிகர்கள் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். காலைத் தூக்குவார்கள், துள்ளுவார்கள், மேடைப் பலகை அதிர மிதிப்பார்கள்.

ஓர் இலையுதிர் காலத்தில் இசாகு என்ற இளைஞன் வழியில் வந்து சேர்ந்துகொண்டான். எந்த ஊர் என்று கேட்டதற்கு மலைக்கு அப்பால் என்றான். பெண் முகமூடியை அவன் அணிந்து மெல்லத் தலை தாழ்த்தினால் அந்த மரமுகம் அழுவதுபோல இருக்கும். சற்றே நிமிர்த்தினால் சிரிப்பதுபோல இருக்கும். பார்க்க வந்தவர்கள் வாய் திறந்தபடி உட்கார்ந்திருப்பார்கள். கன்பேக்கு அதில் பெருமைதான். ஆனாலும் இவ்வளவு சிறிய வயதில் இது எப்படிக் கைவந்தது என்று உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது.

குளிர்காலத்தின் கடைசியில், மலைக்கோயில் திருவிழாவுக்காக அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருநாள் காலை, கன்பே சோற்றுப் பானையைக் கழுவும்போது ஒரு காகம் அருகில் வந்து உட்கார்ந்தது. சிந்திய பருக்கைகளைத் தின்று முடித்துவிட்டு, “உன் குழுவில் ஒரு நரி இருக்கிறது” என்றது.

யார் என்று கேட்டான் கன்பே. காகம் அலகைத் துடைத்துக்கொண்டு பறந்துவிட்டது.

நரிகள் மனித உருவெடுத்துத் திரிந்த காலம் அது. நரி அணிந்த முகமூடியோடு தங்கள் தெய்வத்தின் முன் யாராவது ஆடினால், மலைக்கோயில்காரர்கள் அத்தனை முகமூடிகளையும் தீயில் போட்டுவிட்டு ஆட்களை அடித்து விரட்டுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். காகம் பொய் சொல்லியிருக்கலாம் என்று கன்பே தன்னையே தேற்றிப் பார்த்தான். முடியவில்லை. கேட்ட சொல் காதுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது.

அதன்பின் அவன் கண்ணில் பட்டதெல்லாம் சந்தேகமாகவே பட்டது. இசாகு தெருவில் போனால் நாய்கள் குரைத்தன. தூங்கும்போது உடலைச் சுருட்டிக்கொண்டு தூங்கினான். ஆனால் மேளக்காரனும் அப்படித்தான் தூங்கினான். குழலூதுகிறவனின் கண்கள் இருட்டில் மின்னின. கன்பே யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவன் பார்க்கிற பார்வையே போதுமாக இருந்தது. விஷயம் எப்படியோ கசிந்தது. ஒரே பானையில் சாப்பிட்டவர்கள் தனித்தனியே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். ஒருவன் குனிந்தால் இன்னொருவன் அவன் முதுகுக்குக் கீழே உற்றுப் பார்த்தான்.

ஒருநாள் பனியில் ஒரு காட்டு நரியின் தடத்தைக் கன்பே கண்டான். விரல்கள் மட்டும் பதிந்திருந்தன. நரிக்குக் குதிகால் தரையில் படுவதே இல்லை. எந்த உருவம் எடுத்தாலும் நடை மாறாது அல்லவா என்று அவனுக்குத் தோன்றியது. அன்றே எல்லோரையும் கூப்பிட்டு, இனி மேடையில் யாரும் காலைத் தூக்கக் கூடாது, குதிகால் பலகையை விட்டு எழும்பாமல் பாதத்தை இழைத்து இழைத்துத்தான் நடக்கவேண்டும் என்றான். கோயிலுக்காகப் புதிய முறை என்று காரணம் சொன்னான். உண்மைக் காரணம் எல்லோருக்கும் புரிந்தது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பேசினால் தன்மேல் திரும்பும் என்ற பயம்.

பழகுவது எளிதாக இல்லை. இசாகு மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் நடந்துகொண்டே இருந்தான். குதிகால் தோல் கிழிந்து பலகையில் இரத்தக் கறை படிந்தது. ஆனால் அவன் நடக்கும்போது, தண்ணீரின்மேல் ஒரு பூ மிதந்து போவதுபோல இருந்தது. கன்பே அதைப் பார்த்தான். குதிகாலையும் பார்த்தான். அது தரையோடுதான் இருந்தது.

நடக்க முடியாமல் திணறியவன் தொமிஜி, கன்பேயின் சொந்தத் தம்பி. சின்ன வயதில் அறுவடை அரிவாளை மிதித்ததில் அவனுக்குக் குதிகால் நரம்பு சுருங்கிவிட்டது; அந்தக் குதிகால் வெகுநேரம் தரையில் படிந்து நிற்காது. இரத்தம் சொட்டச் சொட்ட அவனை வீட்டுக்குச் சுமந்து வந்தவனே கன்பேதான். அப்படியிருந்தும் அவன் மனம் சும்மா இருக்கவில்லை. உண்மையான தொமிஜியை எங்கோ தொலைத்துவிட்டு, அவன் உருவில், அவன் காயத்தோடு ஒரு நரி வந்திருந்தால்?

திருவிழாவுக்கு முந்தைய நாள் பிற்பகல், கோயில்காரர்கள் யாரும் இல்லாத வேளையில் மேடையில் ஒத்திகை நடந்தது. தொமிஜி வரும் கட்டம். கொஞ்ச தூரம் இழைத்து வந்தான். பிறகு எல்லோரும் பார்க்க, அவன் குதிகால் மேலே எழும்பியது. மேளம் நின்றது. மேளக்காரன் எழுந்து கையில் தடியை எடுத்தான். மற்றவர்களும் எடுத்தார்கள்.

“அண்ணா, உனக்குத் தெரியாதா என் காலைப் பற்றி? நீ சொல்” என்றான் தொமிஜி.

கன்பே வாயைத் திறக்கவில்லை. அதைப் பின்னால் எத்தனையோ முறை நினைத்து வருந்தினான்.

அப்போது இசாகு முகமூடியைக் கழற்றினான். அதை இரண்டு கைகளாலும் ஏந்தி வந்து கன்பேயின் முன் வைத்தான்.

“அவரை விட்டுவிடுங்கள், ஐயா. நரி நான்தான்.”

“உன் குதிகால் தரையில் படுகிறதே” என்றான் கன்பே.

“படும்படி பழகிக்கொண்டேன். ஆடவேண்டும் என்ற ஆசை.”

தடிகள் தாழ்ந்தன. வழி விட்டார்கள். இசாகு மேடையிலிருந்து இறங்கி, பனி மூடிய வெளியில் காட்டை நோக்கி நடந்து போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் மறைந்த பிறகுதான் கன்பேக்கு அடுத்த சந்தேகம் வந்தது. அவன் உண்மையில் நரிதானா? அல்லது தொமிஜியைக் காப்பாற்ற அப்படிச் சொன்ன மனிதனா? வால் ஒன்றை யாரும் பார்க்கவில்லையே. தடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பனியில் இறங்கி ஓடினான்.

பனியில் பாதச் சுவடே இல்லை. மேடையில் நடந்ததுபோலவே காலைத் தூக்காமல் இழைத்துக்கொண்டே போயிருந்தான் இசாகு. நீளமான இரண்டு கோடுகள் மட்டும் காட்டுக்குள் போயின. மனிதன் போனதா, நரி போனதா என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

மரத்தின்மேல் அந்தக் காகம் உட்கார்ந்திருந்தது. “யாரென்று இப்போது சொல்லட்டுமா?” என்று கேட்டது.

கன்பே அந்தக் கோடுகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். கேட்கவேண்டும் என்று நாக்கு துடித்தது.

“வேண்டாம். சொல்லாதே” என்றான்.

திரும்பி வந்தபோது தொமிஜி மேடை ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணனை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கன்பே உடைப் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக் கிழித்தான். தம்பியின் முன் மண்டியிட்டு, அந்தத் தழும்பு விழுந்த காலைச் சுற்றிக் கட்டினான். குதிகாலுக்கு அடியில் விழும் இடைவெளியைத் துணியாலேயே மெத்தென்று நிரப்பினான். பிறகு தன் கால்களுக்கும் கட்டிக்கொண்டான். மேளக்காரனிடமும் மற்றவர்களிடமும் ஆளுக்கொரு துண்டை நீட்டினான். ஒருவரும் காரணம் கேட்கவில்லை. மறுநாள் தெய்வத்தின் முன் அத்தனை பேரும் வெள்ளைப் பாதங்களோடு, இசாகு நடந்த அதே நடையில் வந்தார்கள்.

நோ மேடையில் கால் வைக்கும் எவரும் வெள்ளைக் காலுறை அணிந்து, குதிகாலைத் தூக்காமல் தரையோடு தரையாக இழைத்து நடப்பது அன்று தொடங்கியதுதான். உறைக்குள் இருப்பது எப்படிப்பட்ட கால் என்று இன்றுவரை அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.