ஒரு ‘ம்’ படுத்திய பாடு

வெகு வெகு காலத்துக்கு முன்னே, கடம்பாபுரியைச் சோமகேது என்றொரு மகாராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் வாயைத் திறக்க மகா சோம்பல். ‘மன்னித்தேன்’ என்பதற்கும் ‘ம்’, ‘மரண தண்டனை’ என்பதற்கும் ‘ம்’, ‘மறுபடி கொஞ்சம் மோர்’ என்பதற்கும் ‘ம்’! எது எந்த ‘ம்’ என்று தெரிந்தவள், அவருக்குச் சாமரம் வீசும் அங்காயி ஒருத்திதான். இழுத்தால் சந்தேகம், வெட்டினால் கோபம், மூக்கால் வந்தால் பசி. அவள் எடுத்துச் சொல்லாவிட்டால் எத்தனை தலை உருண்டிருக்குமோ!

ஒருநாள் காலை, கறுப்புப் பிரம்போடு ஒரு கதைசொல்லி சபைக்கு வந்தான்.

“மகாராஜா, நான் கதை சொல்கிறேன். நீங்கள் ‘ம்’ கொட்டுங்கள்.”

கதை கேட்கிறவர் ‘ம்’ கொட்டியே ஆகவேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். கொட்டாவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். அரசருக்கு இதைவிடச் சுலபமான வேலை உண்டா?

“ஒரு ஊரிலே ஒரு அரண்மனை.”

“ம்.”

“அங்கே சாமரம் வீசுகிறவளுக்கு ஒரே மகள்.”

“ம்.”

“அவள் மயிலாகிப்போனாள்.”

“ம்.”

பிரம்பு தரையைத் தட்டியது. தூணோரம் பூத் தொடுத்துக்கொண்டிருந்த அங்காயியின் மகள் செண்பகத்தைக் காணோம்! பூக்கூடைக்குப் பக்கத்தில் ஒரு மயில் நின்று திருதிருவென விழித்தது.

“ஐயோ, என் மகளே!” அங்காயி சாமரத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

வந்தவன் கதைசொல்லியே இல்லை, மந்திரவாதி! “அரசரே ‘ம்’ என்றாரே! அப்புறம், அந்த ராஜா கல்லாகிப்போனார்.”

“ம்?” என்று அதிர்ந்தார் அரசர். அவ்வளவுதான், கல்!

“அடப்பாவி! அது சம்மதமில்லை, திகைப்பு!” என்று அலறினாள் அங்காயி.

“எந்த ‘ம்’ ஆனாலும் என் பிரம்புக்கு ஒன்றுதான்.” மந்திரவாதி சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்தான். சபையே வாயைப் பொத்திக்கொண்டது.

அங்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஐயா, நான் ஒரு கதை சொல்லட்டுமா?”

“யார் கதையானாலும், ‘ம்’ விழுந்தால் பிரம்பு பலிக்கவைக்கும். ஆனால் நான் ‘ம்’ கொட்டமாட்டேன், பெண்ணே!” என்றான் அவன். ஆனாலும் அவனுக்கு ஆயுளில் யாரும் கதை சொன்னதில்லை. ஆசை யாரை விட்டது? உதட்டை இறுக்கிக்கொண்டு காதைத் தீட்டினான்.

“ஒரு மந்திரவாதியைத் தேடி, அவனைப் பெற்றவள் ஒரு மூட்டையோடு புறப்பட்டாள். அவள் புறப்பட்டதுமே அவன் பிரம்பு பொடியாகி, அவன் செய்த மாயமெல்லாம் கலைந்தது. வழியில் அவள் மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே...”

அங்காயி நிறுத்திவிட்டாள்.

மந்திரவாதி நெளிந்தான். ‘சொல், சொல்’ என்று கையை ஆட்டினான்.

“‘ம்’ கொட்டாதவருக்குக் கதை சொல்வது எங்கள் வழக்கமில்லை, ஐயா.” அவள் கிளம்பியே விட்டாள்.

“ம்ம்ம்?” அவனையும் மீறி வந்துவிட்டது.

டமார்! பிரம்பு பொடிப்பொடியானது. மயில் செண்பகமானது. கல் அரசராகித் தும்மியது.

“மூட்டையில் என்ன இருந்தது? அதை மட்டும் சொல்லேன்!” காவலர் இழுத்துப்போகும்போதும் மந்திரவாதி கெஞ்சினான். மகளைக் கட்டிக்கொண்டு அழுத அங்காயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அரசர் அவளைப் பார்த்து, “ம்?” என்றார். ‘என்ன வரம் வேண்டும்’ என்கிற ‘ம்’ அது.

“இனிமேல் வாயைத் திறந்து முழுசாகப் பேசுங்கள், மகாராஜா. அது போதும்.”



“அப்படியே ஆகட்டும், தாயே!” என்றார் அரசர்.

மூன்று முழுச் சொற்கள்! பெண் மயிலானபோதும், அரசர் கல்லானபோதும் அசையாமல் நின்ற மூத்த மந்திரி, அப்போதுதான் மயங்கி விழுந்தார்.