முதல் ஆட்டமும் கடைசி ஆட்டமும்

"அட்டவணை போடுறவளே அவங்க காலேஜ்காரிதானாம். அப்புறம் என்னடி, போன வருசம் மாதிரி நமக்கு அடுத்தடுத்து ரெண்டு மேட்ச்தான். இந்தத் தடவை யாரு மயங்கி விழப்போறீங்க? இப்பவே பேர் குடுத்துருங்க."

குழாயடியில் சிரிப்பு எழுந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் தண்ணீர் பாட்டிலோடு நின்ற தெய்வானைக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டவணை போடுகிறவள் அவள்தான். முதுகலைக் கணிதம், இரண்டாம் ஆண்டு. பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதச் சொன்னால் எழுதிவிடுவாள். அதனால்தான் உடற்கல்வி ஆசிரியை குணவதி மிஸ் எறிபந்துப் போட்டியின் அட்டவணையை அவள் தலையில் கட்டியிருந்தார்.

ஐந்து கல்லூரி அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற நான்கோடும் ஒருமுறை ஆட வேண்டும். ஆக, பத்து ஆட்டங்கள். அதிக வெற்றி பெறும் அணி மண்டலப் போட்டிக்குப் போகும். இருந்த இரண்டு களங்களில் ஒன்று முந்தின நாள் மழையில் குளமாகிவிட்டது. மிச்சமிருந்த ஒன்றில் பத்தையும் வரிசையாக ஆடி முடிக்க வேண்டும். ஆட்டத்துக்கு ஐம்பது நிமிடம்; ஒன்பது மணிக்குத் தொடங்கினால் ஐந்து இருபதுக்கு முடியும். சாப்பாட்டுக்குத் தனி இடைவேளை கிடையாது. உட்கார்ந்திருக்கிற அணி சாப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். அப்போதே மணி எட்டேகால்.

குழாயடியில் பேசியது மலைக் கல்லூரி அணியின் தலைவி எப்சிபா. போன வருடம் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அவள் அணிக்கு இரண்டு ஆட்டங்கள் மூச்சுவிட நேரமில்லாமல் வந்து, ஒரு பெண் களத்திலேயே சரிந்தாள். அன்று அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தவர்களில் தெய்வானையும் ஒருத்தி.

அவள் வகுப்பறை பெஞ்சில் பத்துத் துண்டுச் சீட்டுகளைப் பரப்பினாள். எந்த அணியும் அடுத்தடுத்து ஆடக்கூடாது; அந்த ஒரு விதியைத்தான் வைத்துக்கொண்டாள். நாலைந்து முறை கலைத்து அடுக்கியதில் வரிசை அமைந்தது. ஆனால் எப்படி அடுக்கினாலும் முதல் ஆட்டம் ஆடும் ஓர் அணி கடைசி ஆட்டத்திலும் வந்து நின்றது. காலையில் முதலில் இறங்கி, மாலையில் கடைசியாகக் கிளம்ப வேண்டிய அணி. அதை யார் தலையில் வைப்பது? உள்ளங்கை வியர்த்துச் சீட்டுகள் ஒட்டின.

போட்டியை நடத்தும் சொந்தக் கல்லூரி அணியின் தலைவி ஷகிலா பானு, தெய்வானையின் விடுதி அறைத் தோழி. அவள் எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கா இப்படி வேர்த்துக் கொட்டுது உனக்கு? அது நாமளே இருந்துட்டுப் போவோம்டி. வீட்டுக்காரங்கதானே கடைசிப் பந்தியில உக்காரணும்? எப்பவும் முதல் ஆட்டம் நம்மதுதான், சீஃப் கெஸ்ட் பந்து எடுத்துக் குடுத்து போட்டோ எடுக்கிறதும் நம்மகூடத்தான். மலைக்காரங்களுக்கு இந்த ரெண்டு, நாலு, ஆறு, எட்டாவது ஆட்டத்தைக் குடு. மூணே முக்காலுக்குள்ள முடிஞ்சிரும். அஞ்சு மணி பஸ்ஸுக்கு ஆற அமரப் போகலாம்."

அந்த பஸ்ஸை விட்டால் மலைக்கு மறுநாள்தான் பஸ். ஷகிலா சொன்னது நல்ல மனசாகவே பட்டது. தெய்வானை விரல் வைத்து எண்ணிப் பார்த்தாள். முதலும் கடைசியும் ஆடும் அணிக்கு ஒன்று, நான்கு, ஏழு, பத்து. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவில் நூறு நிமிடம் ஓய்வு. ஐந்து அணிகளில் வேறு எதற்கும் அப்படி அமையவில்லை. இரண்டு, நான்கு, ஆறு, எட்டுக்கோ மூன்று முறையும் ஐம்பதே நிமிடம்.

தயங்கித் தயங்கி அதைச் சொன்னாள். ஷகிலா குரலைத் தாழ்த்தினாள்.

"அது உனக்கும் எனக்கும்தானே தெரியும்? கேட்டாத்தான் சொல்லணும். பஸ்ஸைப் பிடிச்சுக் குடுத்தா நன்றி சொல்லிட்டுப் போகப்போறாங்க. நம்ம பொண்ணுங்க மண்டலத்துக்குப் போறது உனக்குப் பிடிக்கலையா?"

குணவதி மிஸ் கைக்கடிகாரத்தைத் தட்டியபடி வந்தார். "ஏம்மா, இன்னுமா எழுதுற? அஞ்சு டீம் பேரையும் சீட்டுக் குலுக்கிப் போட்டுட்டு வா. சாமி குடுத்ததுன்னு ஆடிட்டுப் போவாங்க. உன்னை யாரும் ஒரு வார்த்தை கேக்க முடியாது."

குலுக்கினால் தன் மேல் பழி இல்லை. ஆனால் மலை அணியின் பெயர் பத்தாவது ஆட்டத்தில் விழுந்தால் பஸ் போய்விடும். ஷகிலா சொன்னபடி எழுதினால் பஸ் கிடைக்கும், எல்லோரும் மெச்சுவார்கள். ஒன்பதடிக்கப் பத்து நிமிடம். குழாயடிச் சிரிப்பு இன்னும் அவள் காதிலேயே இருந்தது.

கணக்கை உங்கள் முன்னாலும் பரப்பியாயிற்று. விட்டுக்கொடுப்பதாகச் சொன்ன ஷகிலா, சீட்டின் மேல் பாரத்தைப் போட்ட மிஸ்: இதில் யார் சொன்னது நியாயம்? நீங்கள் தெய்வானையாக இருந்தால் அட்டவணைப் பலகையில் என்ன எழுதுவீர்கள்?

விடை: இரண்டுமே நியாயமில்லை. ஷகிலாவின் ஏற்பாட்டில் பஸ் கிடைக்கும், மூச்சு கிடைக்காது. நல்ல பங்கு விட்டுக்கொடுத்தவர்களிடமே தங்கிவிடும். சீட்டுக்கு பஸ் நேரம் தெரியாது. பங்கு பிரித்தவர் கடைசியில் எடுத்தால்தான் பிரித்ததில் சந்தேகம் வராது. தெய்வானை கரும்பலகையில் அணிப் பெயர் எதுவும் போடாமல் ஐந்து வரிகள் எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனையாவது ஆட்டங்கள், நடுவில் எத்தனை நிமிடம் ஓய்வு, எப்போது முடியும் என்று குறித்தாள். கீழே, "தூரத்திலிருந்து வந்தவர்கள் முதலில் எடுக்கவும். நாங்கள் கடைசி" என்று எழுதிவிட்டு, கூடியிருந்த அணித் தலைவிகளிடம் சாக்பீஸை நீட்டினாள். எப்சிபா இரண்டு முறை படித்தாள். ஒன்று, மூன்று, ஆறு, ஒன்பது, ஓய்வு ஐம்பது, நூறு, நூறு, முடிவது நாலரை. அதன் எதிரே தன் கல்லூரியின் பெயரை எழுதினாள். மற்ற மூவரும் ஒவ்வொருவராக எழுதினார்கள். முதலும் கடைசியும் ஆடும் வரி இரண்டாவதாக வந்தவளிடமே போயிற்று. கடைசியில் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு மட்டும் வெறுமையாக நின்றது. தெய்வானை சாக்பீஸுக்குக் கை நீட்டினாள். அதற்குள் ஷகிலா முன்னால் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் அதை வாங்கி, அந்த வரிக்கு எதிரே 'நாங்க' என்று எழுதினாள்.