பெரிய பாயும் புது மேலாளரும்

மன்னார் வளைகுடாவில் ஒரு தீவின் காவலர்களுக்குத் தண்ணீரும் அரிசியும் கொண்டுபோகிற பாய்ப்படகை ஓட்டுபவர் கஸ்பார். மனைவி இறந்து மூன்று வருடம். படகிலும் அவர் ஒற்றை ஆள்தான்.

ஒருநாள் சரக்கு அனுப்பும் அலுவலகத்தின் புது மேலாளர் தணிகாசலம் வெள்ளைச் சட்டையோடு ஏறி உட்கார்ந்தார். கரை தாண்டியதும் காற்று நிலையில்லாமல் அடித்தது. கஸ்பார் பெரிய பாயை இறக்கிவிட்டுச் சின்னப் பாயைக் கட்டப் போனார்.

"பெரிய பாயை இறக்காதே. மெதுவாப் போனா உன் வேலை போயிரும். படகு சாஞ்சாலும் போயிரும்," என்றார் மேலாளர்.

கஸ்பார் தலையாட்டினார். "அப்ப இந்தப் பாய்க் கயித்தை நீங்களே பிடிங்கய்யா. காத்து எனக்கு அடங்க மாட்டேங்குது. உங்க அதட்டலுக்கு அடங்கும்."

மேலாளருக்குப் பெருமை தாங்கவில்லை. கயிற்றைக் கையில் சுற்றப் போனார்.

"சுத்தாதீங்க, கை மாட்டிக்கும். சும்மா பிடிங்க," என்று தடுத்தார் கஸ்பார்.

அடுத்த வீச்சில் பாய் உப்பியது, படகு சாய்ந்தது, அலை ஏறி மேலாளரை நனைத்தது. கயிறு உள்ளங்கையைச் சுட, "ஐயோ!" என்று விட்டுவிட்டார். பாய் படபடத்துத் தளர்ந்தது, படகு நிமிர்ந்தது.

"சாய்ச்சதும் நீங்க, விட்டதும் நீங்க. இறக்கிரட்டுமாய்யா?"

"இறக்கித் தொலை!"

சின்னப் பாயில் படகு ஒழுங்காகத் தீவு சேர்ந்தது. வேலையைப் பறிக்கிற பேச்சை விட்ட மேலாளர் திரும்பும்போது அங்கே வந்திருந்த ஒரு விசைப்படகில் ஏறிக்கொண்டார்.

கஸ்பார் வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தார். வாசலில் நின்று நடந்ததை மனைவியிடம் சொல்ல வாயெடுத்த பிறகுதான், கதவைத் திறக்க வேண்டியவரும் தாமே என்பது உறைத்தது.