எலும்புச் சில்லு தேடிய கழுகு

ஆற்றங்கரை நீர்மருது மரத்தில் ஒரு பிணந்தின்னிக் கழுகு கூடு கட்டியிருந்தது. கூட்டில் ஒரே ஒரு குஞ்சு. அதுவும் தலைச்சன். தாய்க்கழுகு அதன்மேல் உயிரையே வைத்திருந்தது.

அந்தக் காட்டில் ஒரு கழுதைப்புலியும் இருந்தது. எந்த மிருகம் செத்தாலும் முதல் ஆளாக வந்து எலும்பை நறுக்நறுக்கென்று கடிக்கும். பக்கத்தில் நின்றால் குடலைப் புரட்டும் நாற்றம். கழுகு மட்டும் மணக்குமா என்று கேட்காதீர்கள், அதன் நாற்றம் அதற்குத் தெரியாது!

"இவன் ஒழிஞ்சாத்தான் நிம்மதி!" என்று நினைத்த கழுகு, ஒருநாள் மூச்சிரைக்கப் பறந்து வந்தது.

"அண்ணே! கறியில மனுஷங்க விஷம் வச்சிட்டாங்க! இந்தப் பக்கம் எதைத் தின்னாலும் சாவுதான். ஓடிடுங்க!"

கழுதைப்புலி நடுங்கிப்போய் மலைக்கு அந்தப் பக்கம் ஓடியேவிட்டது.

கழுகுக்கு ஒரே கொண்டாட்டம். மெத்தென்ற கறியாகப் பார்த்துக் குஞ்சுக்கு ஊட்டியது. குஞ்சும் கொழுகொழுவென்று வளர்ந்தது. ஆனால் அதனால் எழுந்து நிற்க முடியவில்லை. இறக்கையை விரித்தால் இடது பக்கம் வளைந்து தொங்கியது.

"அம்மா, வலிக்குது!" என்றது குஞ்சு.

கழுகு அண்ணாந்து பார்த்தது. வானத்தில் மேகம் கூடத் தொடங்கியிருந்தது. மழைக்காற்று அடித்தால் கூடு தாங்காது. அதற்குள் பறக்கப் பழகாவிட்டால் குஞ்சு கீழே விழும். கீழே நரிகள் திரிந்தன.

பக்கத்துக் கிளையில் இன்னொரு கழுகின் குஞ்சு படபடவென்று இறக்கை அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டில் வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள் கிடந்தன.

"அக்கா, அதென்ன குப்பை?"

"குப்பையா! எலும்புச் சில்லுடி! வெறும் கறி தின்னா உடம்புதான் பெருக்கும். எலும்பு தின்னாத்தான் குஞ்சுக்கு எலும்பு இறுகும். நம்ம அலகால எலும்பை உடைக்க முடியுமா? கழுதைப்புலி கடிச்சுச் சிதறவிட்டதைப் பொறுக்கி வச்சேன்."

"எனக்கு நாலு தாங்கக்கா!"

"என் பிள்ளைக்கே போதாதே! அவன் எங்க போய்த் தொலைஞ்சான்னும் தெரியல!"

கழுகு சட்டென்று கிளையைவிட்டு எழும்பியது. மலைக்கு அந்தப் பக்கம் பறந்தது.

"அண்ணே, திரும்பி வாங்க! விஷமெல்லாம் இல்ல. நான் சொன்னது பொய்!"

"அன்னிக்கு விஷம்னே. இன்னிக்கு இல்லைங்கறே. நான் எதை நம்புறது?" என்றது கழுதைப்புலி.

"என் குஞ்சு மேல சத்தியம்!"

"உன் சத்தியத்தை நீயே வச்சுக்கோ! அந்தக் கறியைக் கொண்டுவந்து என் கண் முன்னால தின்னு. மூணு நாள் காலையில வந்து முகத்தைக் காட்டு. சாகாம இருந்தா வர்றேன்!"

வேறு வழியில்லை. கழுகு கறியைக் கொண்டுவந்து தின்று காட்டியது. மறுநாள் காலை மலையைத் தாண்டி வந்து முகத்தைக் காட்டியது. அவசரமாகக் கூட்டுக்குத் திரும்பினால், குஞ்சின் இறக்கை நேற்றைவிட வளைந்திருந்தது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் மேகம் கறுத்து, இடியும் கேட்டது. பாவம், தான் சொன்ன பொய்க்குத் தானே சாட்சியாக அலைந்தது!

நான்காம் நாள் கழுதைப்புலி வந்தது. காட்டெருமைத் தொடையெலும்பைக் கடித்து நொறுக்கியது. கழுகு சில்லுகளை ஓடி ஓடிப் பொறுக்கி ஊட்டியது. குஞ்சு ஆவலாக விழுங்கியது.

சில நாளில் குஞ்சு எழுந்து நின்றது. கால் இறுகியது. வலது இறக்கையும் இறுகியது. இடது இறக்கையும் இறுகியது, ஆனால் வளைந்தபடியே!

மழைக்காற்று வந்தேவிட்டது. கூடு பிய்ந்து சரிந்தது.

"குதிடா கண்ணு!" என்று அலறியது தாய்.

குஞ்சு குதித்தது. நேராகக் கீழே போனது. தரையைத் தொடப்போகும் நேரத்தில் காற்றைப் பிடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, எதிர்க்கரைப் பாறையில் போய் உட்கார்ந்தது.

பிழைத்துக்கொண்டது. ஆனால் இன்றைக்கும் அது சாய்ந்துதான் பறக்கிறது. அது பத்திரமாகத் தரையிறங்கும்வரை தாய்க்கழுகுக்கு ஒருவாய் கறிகூட இறங்குவதில்லை.

பிடிக்காதவனைப் பொய் சொல்லி விரட்டினால், அவனால் நமக்கு நடந்துகொண்டிருந்த நல்லதும் கூடவே போய்விடும். அந்தப் பாடு நம் பிள்ளையின் தலையில்தான் விடியும்.